ஸ்ரீவில்லிபுத்தூர் முதல் உடன்குடி வரை
(பாதையோர உணவுத் தொழில்களும் அவற்றில் விவசாயிகள் அறிய வேண்டியவையும்)

தமிழ்நாட்டில் சில ஊர்களின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், அவ்வூரில் செய்யப்படும் ஓர் உணவுப் பண்டத்தின் பெயரும் கூடவே நினைவிற்கு வருகிறது. அவ்வழியே செல்லும் பிரயாணிகள் வண்டியை நிறுத்தி அப்பண்டத்தை வாங்கிச் செல்வது வழக்கம். ஆனால் அப்பண்டம் எந்த நிலத்தின் விளைவிலிருந்து வந்தது, அவ்விளைவைக் கடைவாசலுக்குக் கொணர்ந்த விவசாயிக்கு என்ன கிட்டிற்று என்று விசாரிப்போர் மிகச் சிலரே. பிரயாணிக்கு இவ்விசாரணை வேண்டுவதில்லை. விவசாயிக்கோ இது அவசியமானது.

விருதுநகர் ஜில்லாவின் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கி, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி, ஆத்தூர், திருச்செந்தூர் வழியாக உடன்குடியில் முடியும் பாதை ஏறத்தாழ 175 கிலோமீட்டர் நீளமுள்ளது. மலையடிவாரம், கரிசல், கடற்கரை, செம்மணல் தேரி ஆகிய நால்வகை நிலமும் இவ்வொரு பாதையிலேயே அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு நிலத்திலும் ஒவ்வொரு பண்டம் பேர்பெற்று விளங்குகிறது. கிராமத்து விவசாயிகள் சிலர் ஒன்று சேர்ந்து இரண்டு நாட்களில் இவ்வழியைப் பார்த்து வருவார்களாயின், தம் ஊர் விளைவை என்ன செய்யலாம் என்பதற்குப் பல யோசனைகள் அவர்களுக்குத் தோன்றும்.

பிரயாணத்திற்கு ஏற்ற காலம்

பங்குனி மாதம் இதற்கு மிகவும் உகந்தது. அப்பொழுது கரிசலில் மானாவாரி வெள்ளாமை பெரும்பாலும் களத்திற்கு வந்திருக்கும். மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும். தேரியில் பனையேற்றம் நடைபெறும். முதல் நாள் விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதும், அன்றிரவு திருச்செந்தூரில் தங்கி மறுநாள் சூரியோதயத்திற்கு முன் உடன்குடிப் பக்கம் சேர்வதும் நலம். பால் வருவதும் பதநீர் இறங்குவதும் அதிகாலையிலேயே ஆகையால், நேரந்தவறிச் செல்வோர் கடையை மட்டுமே காண்பர், தொழிலைக் காணமாட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: பால்கோவா

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூரில் கறவை வளர்ப்பு நெடுநாளைய தொழில். கறந்த பால் சில மணி நேரத்திற்குமேல் தாங்காது. அதைக் காய்ச்சிச் சுண்ட வைத்துச் சர்க்கரை சேர்த்தால் சில நாட்கள் தாங்கும் பண்டமாகிவிடுகிறது. சுமார் 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்து, அடிப்பிடிக்காமல் இடைவிடாது கிளறினால், மூன்று கிலோவிற்குச் சற்று அதிகமான பால்கோவா கிடைக்கும். மாவோ வேறு பொருளோ இதில் சேர்ப்பதற்கில்லை. 2019-ஆம் ஆண்டில் இப்பண்டத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக விண்ணப்பித்தது அவ்வூர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமேயாகும்.

இங்கு விவசாயி கவனிக்க வேண்டியது யாதெனில், பால்கோவாவின் எடை பாலிலுள்ள திடப்பொருளைப் பொறுத்தது என்பதே. தண்ணீர் கலந்த பாலைக் காய்ச்சுவோருக்கு விறகும் நேரமும் அதிகமாகச் செலவாகின்றன, பண்டமோ குறைகிறது. ஆகையால் கொழுப்பும் ஏனைய சத்துக்களும் மிகுந்த பாலுக்கு நல்ல விலை கொடுப்பது காய்ச்சுவோருக்கே இலாபம். பாலின் தரம் கறவையின் இனத்தையும் தீவனத்தையும் பொறுத்தது. ஒரு சிறு பாத்தியிலாவது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையோ கோ.எப்.எஸ். 29 தீவனச் சோளத்தையோ பயிரிட்டு, அதனுடன் பயறுவகைத் தீவனமும் சேர்த்துக் கொடுப்பவரின் பாலுக்கும், வைக்கோலை மட்டுமே நம்பியிருப்பவரின் பாலுக்கும் உள்ள வேற்றுமை பரிசோதனைக் கருவியில் உடனே தெரிந்துவிடும்.

சாத்தூர்: சேவும் வெள்ளரியும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூரை அடையலாம். இவ்வூர் வெள்ளரிக்கும் பேர்போனது, காராச்சேவுக்கும் பேர்போனது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் விளங்கும். வெள்ளரிப் பிஞ்சைப் பறித்த அன்றே விற்றாக வேண்டும். மாலையில் மிஞ்சியதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட நேரும். சேவோ பல நாட்கள் வைத்திருந்து விற்கத்தக்கது. அதன் விலையை விற்பவரே நிர்ணயிக்கிறார். கடலைமாவு, மிளகாய், எண்ணெய் ஆகிய மூன்றும் சேவுக்கு முக்கியமானவை. கொண்டைக்கடலையும் மிளகாயும் நிலக்கடலையும் மானாவாரி நிலங்களுக்குப் புதியவை அல்ல. எனினும் களத்திலிருந்து மூட்டையாகப் போகும் கடலைக்கும், மாவாகிச் சேவாகிக் கடைக்கு வரும் கடலைக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் முழுவதும் பிறர் கைக்கே போகிறது.

மிளகாய் வற்றலைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. வெறுந்தரையிலும் ஆற்றுமணலிலும் உலர்த்திய வற்றலில் மண் ஒட்டிக்கொள்ளும்; பனி பட்டால் பூஞ்சணம் பிடித்து வெளுத்துப்போகும். சிமிட்டிக் களத்திலோ தார்ப்பாயின்மீதோ பரப்பி, இரவில் மூடிவைத்து உலர்த்திய வற்றலின் நிறமும் காரமும் கெடுவதில்லை. சேவு செய்வோரும் மசாலைப்பொடி அரைப்போரும் இத்தகைய சரக்கையே நாடுகின்றனர்.

கோவில்பட்டி: கடலைமிட்டாய்

சாத்தூருக்குத் தெற்கே சுமார் 22 கிலோமீட்டரில் கோவில்பட்டி. மானாவாரி விவசாயத்தில் ஈடுபட்டோர் இவ்வூரை நன்கறிவர். 1901-ஆம் ஆண்டில் பருத்திக்காகத் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் இன்றும் இங்கே மானாவாரிப் பயிர்களைப்பற்றி ஆராய்ந்து வருகிறது. ஊரெங்கும் கடலைமிட்டாய்க் கடைகள் இருக்கின்றன. முற்காலத்தில் கருப்பட்டிப் பாகில் கடலையைச் சேர்த்துச் செய்துவந்தனர் என்றும், 1940-ஆம் ஆண்டுகளில் கரும்பு வெல்லப் பாகிற்கு மாறிற்று என்றும் அவ்வூரில் சொல்லப்படுகிறது. 2020-ஆம் ஆண்டில், அவ்வூர் உற்பத்தியாளர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்த சங்கத்தின் முயற்சியால் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

செய்முறை எளியது. கடலையைப் பக்குவமாக வறுத்துத் தோல் நீக்கி, இரண்டாகப் பிளந்து, முளைப்பகுதியைப் புடைத்து அகற்றுகிறார்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகுபதம் வரும்வரை காய்ச்சுகிறார்கள். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் அது கரையாமல் உருண்டு இறுகவேண்டும். அப்பொழுது கடலையைக் கொட்டிக் கலந்து, பலகையில் பரப்பித் துண்டு போடுகிறார்கள். கலப்பதற்கு இரண்டே பொருள்கள் ஆகையால், ஒன்றில் குறையிருந்தாலும் மறைக்க வழியில்லை. சொத்தைக் கடலை ஒன்று வாயில் அகப்பட்டால் வாங்கியவர் மறுபடி அக்கடைக்கு வரமாட்டார்.

இந்தச் சொத்தை கடையில் உண்டாவதன்று. காட்டிலும் களத்திலுமே உண்டாகிறது. நிலக்கடலை விவசாயிகள் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஜிப்சம் இடுதல். ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சத்தைச் செடியோரமாக இட்டு மண் அணைத்தால் பொக்குக் காய்கள் குறைந்து பருப்பு திரண்டு விளையும். இறவையில் இதை 40 முதல் 45 நாட்களுக்குள்ளும், மானாவாரியில் மண்ணின் ஈரத்திற்கேற்ப 40 முதல் 75 நாட்களுக்குள்ளும் இடலாம்.

இரண்டாவது, பருவத்தில் அறுவடை. சில காய்களை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான காய்களில் உட்புறம் கருமை ஏறியிருந்தால் அதுவே பறிக்கும் பருவம்.

மூன்றாவது, உலர்த்துதல். பறித்த செடிகளை ஈரத்தோடு குவித்து வைப்பது பெருந்தவறு. குவியலின் உட்புறம் வெப்பமேறி, பூஞ்சணம் படர்ந்து, அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகிறது. இந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. கடலையை வறுத்தாலும் முற்றிலும் நீங்காது. காய்களில் ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்காகக் குறையும்வரை உலர்த்தவேண்டும். காதருகே ஆட்டிப் பார்த்தால் ஓட்டினுள் பருப்பு கலகலவென்று ஒலிப்பது இதற்கு அடையாளம். எடை குறையுமே என்று அஞ்சி ஈரக்கடலையை மூட்டை பிடிப்பவர், அவ்வெடைக்காகத் தம் ஊர்ச்சரக்கின் பெயரையே விற்றுவிடுகிறார்.

தூத்துக்குடியும் ஆத்தூரும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் சுமார் 60 கிலோமீட்டரும் பெரும்பாலும் கரிசலே. உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், குதிரைவாலி, மிளகாய், கொத்தமல்லி ஆகியவை இங்கு வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைகின்றன. மக்காச்சோளமும் நிறைய இடம் பிடித்திருக்கிறது. இத்தனை விளைந்தும், கோவில்பட்டி நீங்கலாக, இப்பாதையில் இவற்றின் பெயரால் பிரயாணிகள் நின்று வாங்கும் கடை அரிதாகவே காணப்படுகிறது. குதிரைவாலி அரிசிக்கும் கம்பு மாவிற்கும் பட்டணங்களில் கிராக்கி ஏற்பட்டிருக்கும் இக்காலத்தில், உமி நீக்கும் சிறு இயந்திரமொன்றைச் சில கிராமங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்டால் இக்குறை ஓரளவு தீரும்.

தூத்துக்குடியில் உப்பளங்களையும் மக்கரூன் கடைகளையும் காணலாம். மக்கரூன் முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்றால் ஆனது. கைத்திறனில் குறைவில்லை. ஆனால் முந்திரியும் சர்க்கரையும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவன ஆகையால், பேர் ஊருக்கு வந்ததே ஒழிய, சுற்றுப்புறத்துக் காட்டுக்கு அதனால் வந்த வரும்படி சொற்பம். பேர்பெற்ற ஒவ்வொரு பண்டமும் விவசாயிக்கு உதவுவதாக எண்ணிவிடலாகாது என்பதற்கு இதுவே உதாரணம்.

அதற்கு நேர்மாறானது திருச்செந்தூர் சாலையிலுள்ள ஆத்தூரின் வெற்றிலை. தாமிரபரணிப் பாசனத்தில் அகத்தியைக் கொழுகொம்பாக வைத்து நாட்டுக்கொடி, கர்ப்பூரி, பச்சைக்கொடி ஆகிய வகைகளைப் பயிரிடுகின்றனர். 2023-ஆம் ஆண்டில் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே நிலத்தின் விளைவே விற்பனைப் பண்டம் ஆகையால், பேரின் பலன் நேரே கொடிக்கால் விவசாயியைச் சேர வழியிருக்கிறது.

உடன்குடி: கருப்பட்டி

திருச்செந்தூருக்குத் தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டரில் உடன்குடி. இப்பக்கத்துத் தேரிநிலம் செந்நிற மணற்குன்றுகளாலானது; வேறு பயிர் வளர்வது கடினம். பனையோ உரமும் இறைப்பும் இன்றி நிற்கிறது. பனையேறிகள் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, இரவில் ஊறிய பதநீரை விடியற்காலையில் இறக்குகிறார்கள். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். அதிகமானால் கருப்பட்டியின் சுவை கெடும். இறக்கிய பதநீரை உடனே வடிகட்டிப் பெரிய பாத்திரத்தில் காய்ச்ச வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்களே இவ்வேலையைச் செய்கின்றனர். பாகு பதத்திற்கு வந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகின்றனர். 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோவிற்குச் சற்று மேலாகவே கருப்பட்டி கிடைக்கும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ஆம் ஆண்டில்.

இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் இத்தொழிலுக்கு நேர்ந்துள்ள இடர் விளங்கும். ஒரு கிலோ கருப்பட்டிக்குள் பல மரங்கள் ஏறிய உழைப்பும், பல மணி நேரம் எரித்த விறகும் அடங்கியிருக்கின்றன. சர்க்கரையை வாங்கி உருக்கி, சிறிது பதநீரோ பழைய கருப்பட்டியோ சேர்த்துச் சிரட்டையில் ஊற்றுபவருக்கு இவ்வுழைப்பும் விறகும் வேண்டுவதில்லை. அவர் பாதி விலைக்கு விற்றாலும் இலாபமடைவார். வாங்குவோர் பலர் இரண்டிற்கும் வேற்றுமை அறியார். ஆகவே கடைக்காரர் மலிந்த சரக்கையே கேட்கிறார்; மெய்யான கருப்பட்டி செய்பவர் தம் விலையைக் குறைக்க நேரிடுகிறது; கூலிகூடக் கட்டாத நிலையில் அவர் பிள்ளைகள் மரமேறாமல் வேறு வேலை தேடிப் போகிறார்கள். ஏற ஆளில்லாத பனையால் நிலக்காரருக்கு வரும்படியில்லை. வரும்படியில்லாத மரம் செங்கற்சூளைக்கு விறகாகிறது. கலப்படம் நாவை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. மரத்தின் வேரையும் அறுக்கிறது என்பதை நிலக்காரர்கள் உணரவேண்டும்.

ஒரு பனை பாளை விட்டுப் பயன்தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். இயந்திர வாளால் அதை வெட்டச் சில நிமிடங்கள் போதும். 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட நேருமாயின் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது; 76 இலட்சம் பனை விதைகளை விநியோகிக்கவும் அப்பொழுது திட்டமிடப்பட்டது. ஆனால் விதை ஊன்றுவது மட்டும் போதாது. நிற்கும் மரத்தில் ஏறுவோருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் மரம் நிற்கும்.

கருப்பட்டி செய்வோர் கவனிக்க வேண்டியவை சில உள. கலயங்களைத் தினந்தோறும் கழுவி வெயிலில் உலர்த்துக. சுண்ணாம்பைத் தேவைக்குமேல் தடவாதிருக்க. பதநீரைத் துணியில் வடிகட்டி, தெளிந்ததை மட்டும் காய்ச்சுக. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. மழைக்காலத்தில் திறந்த இடத்தில் வைத்தால் கசிந்துவிடும். அடுப்பின் வெப்பமும் புகையும் படும் பரணில் வைப்பது முன்னோர் கண்ட நல்வழி. ஈரம் புகாத உறையில், செய்த நாளும் செய்தவர் பெயரும் அச்சிட்டு விற்பது இக்காலத்திற்கு ஏற்றது.

புவிசார் குறியீடு: பயனும் எல்லையும்

இப்பாதையில் பால்கோவா, கடலைமிட்டாய், வெற்றிலை, கருப்பட்டி ஆகிய நான்கும் 2019 முதல் 2023 வரையுள்ள ஐந்தே ஆண்டுகளில் இக்குறியீட்டைப் பெற்றவை. இதுபற்றிய சட்டம் 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்தது. பதிவேட்டு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இக்குறியீடு எந்தத் தனிமனிதனுக்கும் சொந்தமன்று; அவ்வட்டாரத்து உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவானது.

எனினும் அநேகர் அறியாத செய்தி ஒன்றுண்டு. சங்கம் பெயரைப் பதிவு செய்துவிட்டதனாலேயே ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகாரம் பெற்றவராகிவிட மாட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துவோராகப் பதிந்துகொள்ள வேண்டும். அவ்விதம் பதிந்தவருக்கே தம் சரக்கில் குறியீட்டைப் பொறிக்கவும், பெயரைக் களவாடுவோர்மீது நடவடிக்கை கோரவும் சட்டப்படி உரிமை உண்டு. இதைச் செய்யாதவரை, பெயர் ஏட்டில் இருக்கும். இலாபம் பெயரைத் திருடியவனிடம் இருக்கும்.

மேலும், இக்குறியீடு தரத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள தரத்திற்கு வேலி போடுகிறது. வேலிக்குள் பயிர் இல்லையேல் வேலியால் பயனில்லை.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடியவை

கிராமத்தில் உணவுப்பண்டம் செய்வோரின் பெயர்களைத் திரட்டி, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் பதிவு செய்துகொள்ள உதவலாம். சிறிய அளவில் வீட்டிலிருந்து செய்து விற்போருக்கும் இப்பதிவு அவசியம். அனுமதியின்றிப் பனை வெட்டப்படும் செய்தி எட்டினால் தாமதமின்றி மேலிடத்திற்குத் தெரிவிக்க வேண்டும். கலப்படச் சந்தேகம் எழும்போது, வதந்தியைப் பரப்பாமல் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவித்து மாதிரி எடுக்கச் செய்யவேண்டும். கண்ணாலும் நாவாலும் மட்டும் சர்க்கரைக் கலப்பை நிச்சயிப்பது அரிது. பரிசோதனைச் சாலையின் முடிவே சான்றாகும். கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ உள்ள இடங்களில் களம், உலர்த்தும் மேடை, சேமிப்புக் கிடங்கு ஆகியவற்றைப் பொதுவில் அமைக்க ஏற்பாடு செய்யலாம்.

பிரயாணம் செல்வோர் கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வழியே செல்லும் விவசாயிகள் ஒவ்வொரு கடையிலும் தொழிற்கூடத்திலும் நான்கு கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்களாக. மூலப்பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது? எவ்வளவு காலம் கெடாமல் வைக்கிறார்கள்? தரம் உயர்ந்த சரக்கிற்கு எவ்வளவு விலை கூட்டிக் கொடுக்கிறார்கள்? வந்த சரக்கில் எதைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஏன்? இவற்றுள் கடைசிக் கேள்வியின் விடையே மிகவும் பயனுள்ளது. தம் களத்தில் திருத்த வேண்டியது யாது என்பதை அது நேராக எடுத்துக்காட்டும்.

ஊருக்குத் திரும்பியபின், தம் கிராமத்தில் ஆண்டுதோறும் மலிந்து வீணாகும் விளைவு எது, அதை நாட்படத் தாங்கும் பண்டமாக்க வல்லவர் எவர் என்று கூடி ஆலோசிப்பது நன்று. விளைவு சொந்த நிலத்தினுடையதாகவும், பக்குவம் களத்திலேயே தொடங்குவதாகவும், பெயர் மெய்யானதாகவும் இருக்குமாயின், சாலையோரத்தில் பிரயாணி நிறுத்தும் வண்டியால் விவசாயியின் வீட்டிற்கும் வரும்படி வந்து சேரும்.